இல்லத்துப் பிள்ளைக்கு விருது கொடுக்கும்போது



வழக்கமாக இந்தப் பகுதியில் கீதையிலிருந்து ஒரு சுலோகத்தை எடுத்துப் பொருள் பார்ப்போம். இந்த மாதம் கொஞ்சம் மாற்றிச் செய்வோம். நம்ம கிளைகள் ஆண்டுதோறும் செய்கிற ஒரு வேலையை எடுத்து, அதைக் கீதையோடு பொருத்திப் பார்ப்போம். அதுதான் கல்வி ஊக்குவிப்பு விழா. அதிலும் குறிப்பாக, குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் விருதும் உபகாரச் சம்பளமும்.

நான் நான்கு ஆண்டுகளாக ஓர் இல்லத்தில் சனிக்கிழமைதோறும் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் என்று வெளியே நினைக்கிறோம். அப்படி இல்லை. பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். நோய், வறுமை, சிறை, குடி, அடி உதை என்று ஏதோ ஒரு காரணத்தால் வளர்க்க முடியாமல் போயிருக்கும். சிலர் சமூக நல இலாகா மூலமாக, நீதிமன்ற ஆணையோடு வந்தவர்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே பேச முடியும்.

கர்ணனுக்குக் கிடைத்த விருது

வளர்ப்புப் பிள்ளைகள் நம்ம மரபுக்குப் புதிதல்ல. கண்ணன் வளர்ந்தது யசோதை வீட்டில். ஆண்டாள், பெரியாழ்வார் துளசி வனத்தில் கண்டெடுத்து வளர்த்த பிள்ளை. மார்கழியில் கோவிலில் திருப்பாவை பாடும்போது யாராவது ஆண்டாளை "பாவம், அநாதை" என்று சொல்கிறோமா?

ஆனால் கர்ணன் கதை வேறு. ஆயுதப் பயிற்சி அரங்கேற்றத்தில் அர்ஜுனனுக்குச் சமமாக வித்தை காட்டியவனிடம் "நீ எந்தக் குலம்?" என்று கிருபர் கேட்டார். கர்ணன் தலை குனிந்தான். உடனே துரியோதனன் எழுந்து அங்க நாட்டுக்கு அவனை அரசனாக்கினான். யோசித்தால் அதுவும் ஒரு விருதுதான். திறமைக்குச் சபையில் கிடைத்த அங்கீகாரம். "இதற்குப் பதிலாக என்ன வேண்டும்?" என்று கர்ணன் கேட்டபோது, "உன் நட்பு" என்றான் துரியோதனன். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த நன்றிக்கடன் கர்ணனைக் கடைசிவரை விடவில்லை. பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்த பிறகும் அவனால் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

ஒரு பிள்ளையைக் குனிய வைத்துவிட்டுக் கொடுப்பது, கொடுத்த பிறகு கட்டிப் போடுவது. இந்த இரண்டும் இன்றைக்கும் நடக்கிறது.

கீதை சொல்லும் மூன்று தானம்

கீதையின் 17-ஆம் அத்தியாயம், 20 முதல் 22 வரையுள்ள சுலோகங்களை இந்த வாரம் நீங்களே எடுத்துப் படியுங்கள். தானத்தை அங்கே மூன்றாகப் பிரிக்கிறார் பகவான். கொடுப்பது கடமை என்று, பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல், உரிய இடத்தில், உரிய காலத்தில், உரியவருக்குக் கொடுப்பது சாத்துவிகம். பலனை எதிர்பார்த்தோ மனக்கசப்போடோ கொடுப்பது ராஜசம். பொருந்தாத இடத்தில், பொருந்தாத நேரத்தில், மரியாதை இல்லாமல் கொடுப்பது தாமசம். இதில் வரும் இடம், காலம், உரியவர், எதிர்பார்ப்பு என்ற நான்கையும் நம் விழாவில் வைத்துச் சோதிப்போம்.

1. இடம்

ஓர் அமைப்பு நடத்திய பரிசளிப்புக்கு எங்கள் இல்லத்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பெயரைக் கூப்பிட்ட அறிவிப்பாளர், அவன் அப்பா எங்கே இருக்கிறார், அம்மா ஏன் போய்விட்டார் என்று மைக்கில் வாசித்தார். அரங்கமே "உச்" கொட்டியது. பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்தபடி அவன் நின்றான். மறுநாள் அந்தப் படம் அவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. "அண்ணே, நான் கணக்குல முதல் மார்க் வாங்குனத யாருமே சொல்லலியே" என்று மட்டும் என்னிடம் கேட்டான்.

மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமும் இருக்கிறது. நம் நாட்டுச் சிறார் சட்டம் 2001-இன் 15-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பு தொடர்பான நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்பட்ட ஒரு சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கிளையின் பேஸ்புக் பக்கத்தில் படம் போடும் முன் இதை நினைவில் வையுங்கள். மேடையில் மற்ற மாணவர்களோடு சேர்த்துக் கூப்பிடுங்கள். பெயரையும் சாதனையையும் மட்டும் வாசியுங்கள். மேடையே வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், இல்லத்துக்கே போய்க் கொடுங்கள்.

2. காலம்

தீபாவளி மாதம் எந்த இல்லத்துக்குப் போனாலும் கூட்டம். அரிசி மூட்டை, புதுத்துணி, முறுக்கு, ஒரே வாரத்தில் நான்கு விருந்து. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குக் கை உண்மையில் தேவைப்படும் காலம் வேறு.

எஸ்.பி.எம். எழுதும்போது வயது 17. முடிவு வந்து, விண்ணப்பம் போட்டு, இடம் கிடைக்கும்போது வயது 18. சட்டப்படி சிறார் என்ற நிலை முடிவதும் அதே 18-இல்தான். வீட்டில் வளரும் பிள்ளைக்கு 18-இல் ஒன்றும் மாறாது. இல்லத்துப் பிள்ளைக்கோ, படிப்பு மாறும் அதே நேரத்தில் படுக்கும் இடமும் மாறக்கூடும். சில இல்லங்கள் அதற்குப் பிறகும் வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. எல்லா இல்லங்களாலும் முடியாது.

பி.டி.பி.டி.என். கடன் இருக்கே என்பீர்கள். இருக்கிறது. முதல் தர இளங்கலைப் பட்டம் வாங்கினால் அதைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் பதிவு நாளன்று கையில் வேண்டியவை வேறு: பதிவுக் கட்டணம், பஸ் டிக்கெட், மெத்தை விரிப்பு, வாளி, லேப்டாப், முதல் மாதச் சாப்பாடு. விடுதி மூடும் விடுமுறையில் எங்கே போவது என்ற கேள்வியும் உண்டு. மற்ற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் அப்பா அம்மா சத்தமில்லாமல் பார்த்துவிடுவார்கள். அதனால் விழாவில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுப்பதைவிட, பாதியைப் பதிவு நாளுக்கும் மீதியைப் பருவத்துக்குப் பருவமும் கொடுப்பது பொருத்தம்.

பிற நாடுகளில் இதை அரசே ஏற்றிருக்கிறது. அமெரிக்காவில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த இளையோருக்கு, செனட்டர் ஜான் சேஃபி பெயரில் அமைந்த திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கல்வி வவுச்சர் உண்டு; 26 வயதுவரை பெற வழி இருக்கிறது. இங்கிலாந்தில் பராமரிப்பிலிருந்து பல்கலைக்கழகம் போகிறவருக்கு உள்ளூராட்சி 2,000 பவுன் தர வேண்டும். விடுமுறையில் தங்க இடம் இல்லையென்றால் அதற்கும் உதவ வேண்டும். 25 வயதுவரை ஆலோசகர் ஒருவரின் துணையைக் கேட்டுப் பெறலாம். பணம், இடம், ஆள் மூன்றும் அங்கே சேர்ந்து வருகின்றன. நம் கிளையால் 5,000 டாலர் கொடுக்க முடியாமல் போகலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு அழைக்கும் ஒரு குடும்பத்தையும், போன் செய்தால் எடுக்கும் ஓர் அண்ணனையோ அக்காவையோ நிச்சயம் கொடுக்க முடியும்.

3. உரியவர்

நாம் பெரும்பாலும் ஏ எண்ணிக்கையைப் பார்த்துத்தான் விருது கொடுக்கிறோம். 9 ஏ வாங்கியவருக்குக் கைதட்டல் கிடைக்கட்டும். ஆனால் மூன்று பள்ளி மாறி, இரண்டு ஆண்டு பாடம் விட்டுப்போய், ஐந்து பாடத்தில் கிரெடிட் வாங்கிய பெண்ணும் ஓடித்தான் வந்திருக்கிறாள். அவள் ஓட ஆரம்பித்த கோடு ரொம்பப் பின்னால் இருந்தது. மெட்ரிகுலேஷன் மட்டும் இலக்கு அல்ல. போலிடெக்னிக், தொழிற்கல்லூரி, சமையல் கலை, வாகனத் தொழில்நுட்பம் எல்லாம் படிப்புதான். விண்ணப்பப் பாரத்தில் "உன் கஷ்டத்தை எழுது" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, "அடுத்து என்ன படிக்கப் போகிறாய், அதற்கு என்ன தேவை?" என்று கேளுங்கள். எங்கள் இல்லத்து மாணவி ஒருத்தி சொன்னாள்: "எத்தன பாரத்துலதான் அழுது எழுதுறது அண்ணே? இப்ப எனக்கே அது பழகிப்போச்சு." 17 வயதுப் பெண் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

4. எதிர்பார்ப்பு

கொடுத்த பிறகு அடுத்த ஆண்டு நிதி திரட்டும் விருந்தில் வந்து பேசச் சொல்வது, நன்றி வீடியோ எடுப்பது, நம் நிகழ்ச்சிகளில் தொண்டு செய்தே ஆகணும் என்பது. இவையெல்லாம் சின்னச் சின்ன அங்க நாடுகள். மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்லலாம்; அது படிப்புக்கான பொறுப்பு. வாழ்நாள் விசுவாசத்தைக் கேட்கக் கூடாது. அவர்களே விரும்பி வந்தால், விருந்தாளியாக இல்லாமல் நம்மில் ஒருவராகவே வரட்டும்.

வளர்த்தவருக்கும் ஒரு மரியாதை

அந்த அரங்கேற்றக் கதையில் இன்னொரு காட்சி உண்டு. முடிசூட்டிய நீரின் ஈரம் காயாத தலையோடு கர்ணன் நிற்கிறான். தேரோட்டி அதிரதன், தடுமாறியபடி உள்ளே வருகிறார். வளர்த்த தந்தையைக் கண்டதும் அந்தத் தலையோடு அவர் காலில் விழுகிறான். பீமன் சிரித்தான். கர்ணன் அதற்காக அதிரதனை மறைக்கவில்லை. வளர்த்த தாய் ராதையின் பெயரால் ராதேயன் என்றே உலகம் அவனை அழைத்தது.

நம் ஊரிலும் அப்படி வளர்த்தவர்கள் உண்டு. பூச்சோங்கில் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜத்தில் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த டத்தின் படுக்கா அன்னை மங்களம், 2023-இல் மறைந்தார். அவரை நாடறியும். ஆனால் விடியற்காலை எழுந்து 40 பேருக்குப் பசியாறல் செய்யும் சமையல் அம்மாவையும், காய்ச்சல் வந்த பிள்ளையோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் வார்டனையும் யார் மேடைக்கு அழைக்கிறார்கள்? அடுத்த விழாவில் ஒரு மாலை அவர்களுக்கும் போகட்டும். அதைப் போடும் உரிமையை அந்தப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச

1. போன ஆண்டு நம் விழாவில் கொடுத்தது மூன்று தானங்களில் எது? நேர்மையாகச் சொல்லுங்கள்.
2. நம் வட்டார இல்லத்தில் அடுத்த ஆண்டு 18 வயதாகும் பிள்ளைகள் எத்தனை பேர்? இல்லப் பொறுப்பாளரிடம் நேரில் கேட்டு வாருங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் தேவையும் போதும்.
3. பதிவு நாளன்று அவர்களோடு கல்லூரி வாசல்வரை போக நம்மில் யார் தயார்? இன்றைக்கே இரண்டு பேர் பெயரை எழுதுங்கள்.