பாலின் வயதும் முட்டையின் வயதும்

தில்லியில் விடுதி இடம் கிட்டாமல், வெளியே அறை எடுத்துத் தாமே சமைத்துண்ணும் தமிழ் மாணவர் நம்மிற் பலர். நானும் அவர்களுள் ஒருவன். எங்கள் வீட்டுக்காரர் எருமை வளர்க்கிறார். அடுத்த வீட்டில் நாட்டுக்கோழிகள் உண்டு. ஆகவே பாலுக்கும் முட்டைக்கும் நாங்கள் கடைக்குச் செல்வதில்லை. ஆனால் ஒரு குறை. கடைப்பால் உறையில் நாள் அச்சிட்டிருக்கும். கொட்டிலில் கறந்த பாலுக்கு அது இல்லை. அந்த நாளை நாமே குறித்துவைக்க வேண்டும்.

சென்ற கோடையில், வேறோர் அறையில் வசிக்கும் நண்பர் தேர்வுக்கு முந்திய வாரம் வயிற்றுப்போக்கால் மூன்று நாள் படுத்துவிட்டார். பாலா, முட்டையா, தண்ணீரா என்று மருத்துவர் வினவினார். எது எந்த நாளில் வந்தது என்பதே அங்கு எவருக்கும் தெரியவில்லை.

முதலில் முட்டையைக் காண்போம். அதன் ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உள்ளிருக்கும் நீர் சிறிது சிறிதாக ஆவியாகிறது. இழந்த நீரின் இடத்தைக் காற்று நிரப்ப, அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. இதனாலேயே புதிய முட்டை நீரில் இட்டால் அடியில் படுத்துக் கிடக்கும். சில நாள் சென்றது அகன்ற முனையைச் சற்றுத் தூக்கும். மேலும் பழையது செங்குத்தாக நிற்கும். மிகப் பழையது மிதக்கும். நம் பாட்டிமார் அறிந்த சோதனைதான். எனினும் இது வயதைச் சொல்லுமேயன்றி நலத்தைச் சொல்லாது. சால்மனெல்லா என்னும் நோய்க்கிருமி உள்ள முட்டையும் அடியில் படுத்தே கிடக்கலாம். ஆகவே நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும். முட்டையைக் கழுவிச் சேமித்தலும் ஆகாது. ஓட்டின்மேல் இயற்கை பூசியுள்ள காப்புப் படலம் நீங்கிவிடும்.

முட்டைக்கு நாட்கணக்கு, பாலுக்கோ மணிக்கணக்கு. கறந்த பாலின் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி. கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற சூடு அது. அவை அரைமணிக்கு ஒரு முறை இரட்டிக்கின்றன எனக் கொள்வோம். 4 மணி நேரத்தில் ஒன்று 256 ஆகும். 8 மணி நேரத்தில் 65,536 ஆகும்! அவற்றுட் சில பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. புளிப்பு நாவுக்குத் தெரியுமுன்னரே, அடுப்பில் ஏற்றிய பால் திரிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

காய்ச்சினால் காசநோய்க் கிருமி முதலியன மடியும். ஆனால் சில கிருமிகளின் வித்துகள் பிழைத்து, ஆறிய பாலில் மீண்டும் முளைக்கும். எனவே பாலை உடனே காய்ச்சி, விரைவில் ஆறவைத்து, குளிர்பெட்டியில் 4 டிகிரி அளவில் வைத்தல் நன்று. குளிர்பெட்டி இல்லாதார், மே மாதத்து ஒரு நாளும் ஜனவரி மாதத்து ஒரு நாளும் பாலுக்கு ஒன்றல்ல என்பதை மறத்தலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நேற்று மிஞ்சிய பாலோடு இன்றைய பாலைச் சேர்க்காதீர்கள். பழையதில் பெருகிய கிருமிகள் புதியதிலும் பரவும். கலந்த பாலின் வயது பழைய பாலின் வயதே.

எங்கள் அறையில் கையாளும் முறை எளிது. முட்டை வந்தவுடன் ஓட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதுகிறோம். பழையதை முன்னும் புதியதைப் பின்னும் அடுக்குகிறோம். பால் பாத்திரத்தின் மூடியில் ஒட்டிய காகிதத்தில் கறந்த நேரத்தையும் காய்ச்சிய நேரத்தையும் குறிக்கிறோம். இதற்கு ஆகும் செலவு ஒரு பென்சில்.

ஆய்வுக்கூடத்தில் பெயரும் நாளும் எழுதாத குப்பியை நாம் தொடுவதில்லை. நாளும் உண்ணும் உணவுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் அன்றோ?