வேலை யார் கையில்?
பணிப்பாய்வு மென்பொருளின் பொறுப்பறிக்கையை வாசிப்பது எப்படி

"என்னுடைய விண்ணப்பம் இப்போது யாரிடம் இருக்கிறது?" சுழற்சிக் கடனுக்கு விண்ணப்பித்த ஒரு தாய் மூன்றாம் முறையும் பஸ் ஏறி வந்து இப்படிக் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். இலிகிதர் கள உத்தியோகத்தரைக் காட்டுகிறார். அவர் கணக்காளரைக் காட்டுகிறார். கணக்காளரோ, "எனக்கு வரவே இல்லையே" என்கிறார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு விடையும் கிடைக்கவில்லை.

இக்கேள்விக்கு உடனடியாக விடை தருவதற்கென்றே பணிப்பாய்வு மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. 1993இல் இத்துறை நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, பொதுவான நியமங்களை வகுக்க ஒரு கூட்டமைப்பை நிறுவின. ஒரு வேலை எவ்வெப் படிகளைக் கடக்கிறது, ஒவ்வொரு படியும் யாருடையது என்பதைப் படமாக வரையும் பீ.பி.எம்.என். குறியீட்டு முறையின் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளிவந்தது. இன்று சிறிய நிறுவனங்களும் இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, அவை தரும் அறிக்கைகளைச் சரியாக வாசிக்கக் கற்பது அவசியமாகிறது.

1. பொறுப்பு என்பது ஒன்றல்ல

நாம் 'பொறுப்பு' என்று ஒரே சொல்லால் குறிப்பதை மென்பொருள் பலவாகப் பிரிக்கிறது. கமுண்டா, அக்டிவிட்டி போன்ற மென்பொருள்களில் ஒரு வேலையை எடுக்கத் தகுதியுள்ள குழு ஒன்று குறிக்கப்படலாம். அக்குழுவில் ஒருவர் அதனைத் தம்முடையதாக ஏற்கும்போது அது அவர் பெயருக்கு மாறுகிறது. அவர் அதனை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், செய்பவர் ஒருவராகவும் உரியவர் வேறொருவராகவும் இருப்பர். செய்து முடித்ததும் வேலை உரியவரிடமே திரும்பி வரும்.

முகாமைத்துவப் பாடங்களும் இதையே கூறுகின்றன. செய்பவர், இறுதியில் பதில் சொல்லவேண்டியவர், ஆலோசனை கேட்கப்படுபவர், அறிவிக்கப்படுபவர் என நால்வர் உளர். பதில் சொல்லவேண்டியவர் எப்போதும் ஒருவராகவே இருக்கவேண்டும். ஜிரா என்னும் மென்பொருளிலும் ஒரு வேலைக்குப் பொறுப்பாளராக ஒருவரையே குறிக்கலாம். வேலையைக் கவனித்திருப்போர் பலராக இருக்கலாம்.

2. அறிக்கை தவறாகப் பேசும் இடம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கடன் விண்ணப்பமொன்றைச் சரிபார்க்கும் வேலை ஆகஸ்ட் 1ஆம் திகதி குழுவின் பட்டியலுக்கு வருகிறது. 8ஆம் திகதி வரை எவரும் அதை எடுக்கவில்லை. அன்று முதலாம் உத்தியோகத்தர் எடுக்கிறார். 13ஆம் திகதி அவர் விடுமுறையில் செல்வதால் வேலை இரண்டாம் உத்தியோகத்தருக்கு மாற்றப்படுகிறது. அவர் 15ஆம் திகதி முடித்துவிடுகிறார்.

மாத இறுதியில் அறிக்கை எடுக்கிறோம். வேலை தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் கடைசிப் பொறுப்பாளரின் பெயரையும் மட்டும் கொண்டு அது தயாரிக்கப்பட்டால், "இரண்டாம் உத்தியோகத்தர்: 14 நாள்" என்றே வரும். உண்மையில் வேலை 7 நாள் எவர் கையிலும் இல்லை; 5 நாள் முதலாமவரிடம் இருந்தது; 2 நாள் மாத்திரமே இரண்டாமவரிடம் இருந்தது. தாமதத்தைத் தீர்த்துவைத்தவரே தாமதத்துக்குக் குற்றவாளியாகிறார்! இதைக் கையில் வைத்துக்கொண்டு சம்பள உயர்வையோ ஒப்பந்த நீடிப்பையோ தீர்மானித்தால் அது அநீதி.

கணினி இங்கே பிழை செய்யவில்லை. நாம் கேட்ட கேள்விதான் குறைபாடுடையது. கைமாற்றங்களின் வரலாற்றைப் பதியும்படி அமைத்திருந்தால், அதிலிருந்து ஒவ்வொருவரிடமும் வேலை இருந்த நாள்களைத் தனித்தனியாகக் கணக்கிடலாம். அப்பதிவு ஆரம்பத்திலேயே இயங்கவேண்டும். பதியப்படாத கைமாற்றத்தைப் பின்னர் மீட்க வழியில்லை.

3. நல்ல அறிக்கைக்கு நான்கு விதிகள்

• எவரும் ஏற்காத வேலைகளைத் தனி வரிசையில் காட்டுக. அந்த நாள்கள் குழுத் தலைவரின் பொறுப்பு. 'எல்லாருடைய வேலை' விரைவில் யாருடைய வேலையும் அல்லாததாகிவிடும்.
• கையிலிருந்த நாள்களையும் காத்திருந்த நாள்களையும் பிரித்துக் காட்டுக. விண்ணப்பதாரியின் ஆவணத்துக்காகக் காத்திருப்பது உத்தியோகத்தரின் சோம்பல் அல்ல.
• முடித்த வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒருவரை அளவிடாதீர்கள். பத்து இலகுவான கடிதங்களும் ஒரு காணிப் பிணக்கும் சமமல்ல.
• அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்புமுன் அதில் பெயர் குறிப்பிடப்பட்டவருக்குக் காட்டுக. விளக்கம் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

4. கணினி இல்லாத இடத்தில்

இந்த முறைக்குக் கணினி கட்டாயமன்று. ஒரு பதிவுப் புத்தகத்தில் வேலை, கொடுத்தவர், ஏற்றவர் ஒப்பம், ஏற்ற திகதி, கைமாறிய திகதி என ஐந்து நிரல்கள் போதும். 'கொடுத்தேன்' என்பதோடு நில்லாமல் 'ஏற்றேன்' என்ற ஒப்பமும் பெறுவதே இதன் உயிர்நாடி. அவ்வாறு செய்தால், பஸ் ஏறி வந்த தாய்க்கு ஒரு நிமிடத்தில் விடை சொல்லலாம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது அலுவலகத்தில் எவரும் ஏற்காமல் கிடக்கும் வேலைகள் எவை? அவற்றுக்கு யார் பதில் சொல்வது?
2. ஒருவர் விடுமுறையில் செல்லும்போது அவரது வேலைகள் எவ்வாறு கைமாறுகின்றன? அது எங்கே பதியப்படுகிறது?
3. கடந்த மாதம் தாமதமான ஒரு வேலையை எடுத்து, அது ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது எனக் கணக்கிடுங்கள். முன்பு நாம் குறை கூறியவர்தான் உண்மையில் காரணமா?