மூலம் அழியாமற் படந் திருத்தும் முறை

நெகட்டிவைக் கொண்டு நிழற்படம் அச்சிட்ட காலத்தில், இருட்டறையில் வேலைசெய்வோர் ஒரு முகத்தைச் சற்றே வெளுப்பாக்க வேண்டின், தாளின்மீது விழும் ஒளியை அவ்விடத்தில் மாத்திரம் சில விநாடி கையால் மறைப்பர். தாள் கெட்டால் வேறொரு தாள் உண்டு. நெகட்டிவோ பழுதின்றி இருக்கும். கணினியிற் படந் திருத்தும் நம்மிற் பலர் இந்நெறியை மறந்து, மூலத்தின்மீதே கைவைக்கின்றோம்.

யானும் அங்ஙனஞ் செய்ததுண்டு. நண்பரொருவர் தம் பாட்டியாரின் மங்கிய படத்தை ஸ்கேன் செய்து கொணர்ந்தார். முகந் தெளியுமாறு படம் முழுவதையும் வெளுப்பாக்கி, அதே பெயரிற் சேமித்துக் கொடுத்தேன். முகந் தெளிந்தது, வெண்புடவையின் மடிப்புக்களெல்லாம் மறைந்தன. மீட்டும் ஸ்கேன் செய்யலாமென்று கேட்டபோது, அச்சுப்படம் மழைநீரில் ஊறி அழிந்துவிட்டது என்றார். அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மடிப்புக்கள் மறைந்த காரணத்தைக் கணக்காற் காட்டலாம். எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்தின் ஒளியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாற் குறிக்கப்படும். புடவையின் மூன்றிடங்கள் 230, 240, 250 எனக் கொள்க. 30 கூட்டினால், 255-க்கு மேல் இடமின்மையின், மூன்றும் 255 ஆகும். பின்னர் 30 கழித்தாலோ மூன்றும் 225 ஆகுமேயன்றிப் பழைய வேற்றுமை மீளாது.

இதற்கு மருந்து அட்ஜஸ்ட்மென்ட் லேயர் என்னும் திருத்த அடுக்கு. போட்டோஷாப் மென்பொருளின் நான்காம் பதிப்பில், 1996-ஆம் ஆண்டில், இது வந்தது. இவ்வடுக்கிற் படம் இல்லை. 'இவ்வளவு வெளுப்பாக்குக' என்னும் கட்டளை மாத்திரமே உண்டு. கீழே அவ்வெண்கள் மூன்றும் அப்படியே இருக்க, நாம் காணுந் தோற்றம் மட்டும் மாறும். ஓராண்டு கழித்தும் அளவை மாற்றலாம். அடுக்கை நீக்கின் மூலமே தோன்றும்.

அன்றியும், அடுக்கோடு மாஸ்க் ஒன்று ஒட்டிவரும். அது வெண்மையாயுள்ள இடத்தில் திருத்தம் முழுதுஞ் செல்லும். கரிய இடத்திற் செல்லாது. சாம்பல் நிறத்தில் அதன் அளவுக்கேற்பச் செல்லும். முகத்தை வெண்மையாக விட்டுப் புடவையைக் கருமையாக்கியிருப்பேனாயின் மடிப்புக்கள் பிழைத்திருக்கும். இருட்டறைக்காரர் கை செய்த வேலையை இங்கே மாஸ்க் செய்கின்றது.

ஒளி திருத்துதற்கு லெவல்ஸினும் கர்வ்ஸையே யான் விரும்புவேன். நிழற்பகுதியை உயர்த்தி வெண்பகுதியை அசையாது நிறுத்த அதில் இயலும். பழம்படத்தின் மஞ்சள் நீங்க, நீலத்திற்குரிய கோட்டை மாத்திரம் சிறிது உயர்த்துக. ஒளிவேற்றுமையை மிகுத்தால் நிறமும் உடன் மிகும். அது வேண்டாதார் அவ்வடுக்கை லூமினாசிட்டி முறையில் வைக்க.

ஜேபெக்காகச் சேமித்தால் அடுக்குக்கள் யாவும் ஒன்றாய்க் கலந்துபோம். ஆதலின் அடுக்குக்களோடு கூடிய பிஎஸ்டி கோப்பை வேறாக வைத்துக்கொண்டு, பிறர்க்கு அனுப்புதற்கு மாத்திரம் ஜேபெக் பிரதி எடுக்க. அதற்கும் வேறு பெயர் இடுக.