கையெழுத்து போட்டுவிட்டேன், வழக்குப் போட முடியுமா?

கேள்வி: மங்கு போக, நெய்வேலியில் ஒரு பியூட்டி பார்லரில் 'கெமிக்கல் பீல்' செய்துகொண்டேன். கன்னம் வெந்து தழும்பாகிவிட்டது. போய்க் கேட்டால், "எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று கையெழுத்து போட்டீங்களே அக்கா" என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, நெய்வேலி

பதில்: அந்தத் தாளை நினைத்துக் கலங்காதீர்கள். தகுதியுள்ளவர் கைவைக்கிறார் என்று நம்பித்தான் கையெழுத்து போட்டீர்கள். தகுதியில்லாதவரின் அலட்சியத்துக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

முதலில், உங்களுக்குச் செய்தவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று பாருங்கள். தோலை உரிக்கும் அளவுக்கு ஆசிட் இறங்கினால் அது ஒப்பனை இல்லை, சிகிச்சை என்பதே நம் வாதம். சிகிச்சை நடக்கும் இடம் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும். டவுன்ஷிப்பில் என்.எல்.சி. கடை ஒதுக்கியிருக்கிறது என்று காட்டினால் போதாது. அது கடைக்கான அனுமதிதான்.

2016 மே மாதம் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இரண்டே நாளில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது அழகு நிலைய உரிமம் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. மருத்துவம் படித்த பிள்ளையே நம்பிப் போயிருக்கிறார். உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

உங்களுக்குக் கைகொடுப்பது 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பூனம் வர்மா தீர்ப்பு. ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்தார். தகுதியில்லாமல் செய்ததே அலட்சியம், தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். பட்டமே இல்லாதவர் நிலைமை இன்னும் மோசம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் அவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இன்றே தோல் மருத்துவரிடம் போய், காயத்தின் காரணத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தேதியோடு புகைப்படம், ஜிபே ரசீது, பார்லரின் வாட்ஸ்அப் விளம்பரம் எதையும் அழிக்காதீர்கள். கையெழுத்திட்ட தாளின் நகலையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் நமக்குச் சாதகம்தான்.

கடலூரில் உள்ள மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். இழப்பீட்டுக்குக் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பார்லருக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்தைத் தாண்டாததால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். "இலவசமாகச் சரிசெய்து தருகிறோம்" என்று அவர்கள் மறுபடி கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள்.