மிளகாய் மட்டும் ஏன் ஏமாற்றுகிறது?

கேள்வி: வளவில் கத்தரியும் பயிற்றையும் நன்றாகக் காய்க்கின்றன. மிளகாய் மட்டும் இலை சுருண்டு போகிறது. மாரியில் எஞ்சியதும் வாடிச் சாகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, வீரமுனை.

பதில்: இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மேல்நோக்கி என்றால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. இரண்டும் வெயில் காலத்தில் பெருகும். இலையின் அடிப்புறத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். வேப்பம்விதைக் கரைசலை மாலையில் தெளியுங்கள். செடியே குறுகி, இலை சிறுத்து மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரசு. அதற்கு மருந்தில்லை. இரக்கப்படாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

மாரிச் சாவுக்குக் காரணம் வேறு. வயல் சூழ்ந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும். வேர் மூச்சு முட்டி அழுகும். ஒரு அடி உயரப் பாத்தி கட்டி, வடிகால் வெட்டுங்கள். கத்தரி நின்ற இடத்தில் மிளகாய் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம், வாடல் நோயும் பொது. பயிற்றை நின்ற இடத்தில் வையுங்கள்.

2022 பொருளாதார நெருக்கடியில், பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். லீவு போட்டால் காய்க்குமா? தோட்டத்துக்குத் தினமும் பத்து நிமிடப் பார்வைதான் வேண்டும். அப்படியும் சுருண்டால், நோயுற்ற கிளையொன்றைப் பையில் கட்டிக் கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள்.