லாரிச் சாவியும் எஸ்.எம்.பி.எஸ். பச்சை ஒயரும்

கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டீர்கள். மானிட்டர் இருண்டுவிட்டது. ஆனால் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் இதைப் பார்த்துப் பயந்து என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. இதற்கான விடையை இந்த முறை எட்டயபுரத்தில் நின்றுபோன ஓர் உப்பு லாரியிலிருந்து தொடங்குவோம்.

லாரி என் மாமாவுடையது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு ஏற்றி மதுரைப் பக்கம் போகும் வண்டி. முன் பம்பருக்குக் கீழே இரண்டு ஃபாக் லேம்ப்களைத் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். மாட்டியவர் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்ததோடு வேலையை முடித்துவிட்டார். ஒரு நாள் இரவு 9 மணிக்கு லோடோடு வந்த மாமா, வண்டியை வேலியைப் பார்த்து நிறுத்திவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விட்டார். விடியற்காலை 5 மணிக்குச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. ஃபாக் லேம்ப் சுவிட்ச் ஆனிலேயே இருந்திருக்கிறது.

“பெரிய படிப்பு படிச்சிருக்கேல்ல மாப்ளே, இதுக்கு ஒரு வழி பண்ணு” என்றார்.

கணக்கு எளிது. விளக்கு ஒன்றுக்கு 70 வாட். இரண்டுக்கும் 140 வாட். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பதால் 24 வோல்ட். 140ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 5.8 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 47 ஆம்பியர்-அவர். 100 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி போய்விட்டது. புது பேட்டரி என்றால் தாக்குப்பிடித்திருக்கும், பழையது படுத்துவிட்டது.

சாவியை எடுத்ததும் விளக்கும் அணைய வேண்டும். அப்படியானால் விளக்கின் ஒயரைச் சாவி சுவிட்சில் நேராகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. அந்த சுவிட்சும் அதன் ஒயரும் கம்பெனி கணக்கிட்டு வைத்த சுமைக்கானவை. கூடுதலாக 6 ஆம்பியர் ஏற்றினால் சூடேறி இளகும். நடுராத்திரி நெடுஞ்சாலையில், லோடு வண்டியில் மொத்தக் கரண்டும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நம் கம்ப்யூட்டர் வருகிறது. பழைய ஏ.டி. வகைக் கேபினட்டுகளில் முன்பக்க சுவிட்ச் வரைக்கும் 230 வோல்ட் தடித்த கேபிளில் வந்தது. 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். முறையில் இது மாறியது. பட்டனிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டுக்குப் போகின்றன. பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பச்சை ஒயரைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. உடனே பெரிய சப்ளை ஆன் ஆகிறது. ஊதா ஒயரில் மட்டும் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். உங்கள் மவுஸ் விளக்கு எரிவது அந்த 5 வோல்ட்டில்தான்.

சின்னக் கரண்ட் பெரிய கரண்டுக்குக் கட்டளையிடுகிறது. லாரியில் அதே வேலையைச் செய்வது ரிலே. பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொருள். அதன் கால்களில் உள்ள எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின்படி இடப்பட்டவை. 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85ம் 86ம் உள்ளே இருக்கும் காயிலுக்கு. ஐந்து கால் ரிலே என்றால் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். தவறி அதில் விளக்கைக் கொடுத்தால், சாவியை எடுத்த பிறகுதான் விளக்கு எரியும்! லாரிக்கு 24 வோல்ட் ரிலே என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் ரிலேயின் காயில் கருகிவிடும்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரை 30க்குக் கொண்டுவந்தேன். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்கு அல்ல, ஒயர் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. ஆகவே அதை விளக்குப் பக்கம் வைத்துப் பயனில்லை. 85ஐ பாடி எர்த்தில் கொடுத்தேன். 86க்கு வரும் மெல்லிய ஒயர், டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு ஃப்யூஸிலிருந்து வருகிறது.

அந்த ஃப்யூஸைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி. மல்ட்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பாடியில், சிவப்பு முனை ஃப்யூஸில். சாவி எடுத்திருக்கும்போது 0, போட்டதும் 24 காட்ட வேண்டும். ஹாரன், பார்க்கிங் லைட் ஃப்யூஸ்களில் பெரும்பாலும் எப்போதும் கரண்ட் இருக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்ஜின் ஈ.சி.யூ., ஏ.பி.எஸ். ஃப்யூஸ்களைத் தொடவே வேண்டாம். ஈ.சி.யூ.வும் ஒரு கம்ப்யூட்டர்தான். ரிலே அணையும்போது காயிலிலிருந்து ஒரு வோல்டேஜ் துள்ளல் கிளம்பும். உள்ளேயே டயோடு உள்ள ரிலே அதை அடக்கிவிடும். அந்த வகையில் 85, 86ஐ மாற்றிக் கொடுக்காதீர்கள்.

உப்பு லாரிக்கு இன்னொரு எதிரி உண்டு. ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இடமெல்லாம் சில மாதங்களில் பச்சை பூத்துவிடுகிறது. எர்த் போல்ட்டுக்குக் கீழே பெயிண்ட்டைச் சுரண்டி, லக் வைத்து இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மாமாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

மாட்டுவதற்கு முன் ஒன்று: மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 111ஆவது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடுக்கிறது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கை எந்த ரிலேயில் மாட்டினாலும் தவறுதான்.

கடைசியாகச் சோதனை. டேஷ்போர்டு சுவிட்சை ஆன் செய்து, சாவியைப் போட்டோம், எரிந்தது. சுவிட்சை அப்படியே விட்டுச் சாவியை எடுத்தோம். ரிலே 'டிக்' என்றது, விளக்கு அணைந்தது. மாமா இதை நான்கு முறை செய்து பார்த்தார்.