புத்ரா அரங்கில் ஒரு ஞாயிறு

கலும்பாங் சிறிய ஊர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் பழைய சாலையில், கெர்லிங்கைத் தாண்டி, தஞ்சோங் மாலிமுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் இவை இரப்பர்த் தோட்டங்கள். இங்குள்ள பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் காற்பந்தும் பூப்பந்தும்தான். டென்னிஸ், தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி.

அப்படித் தொலைக்காட்சியில் பார்த்தே டென்னிஸ் ரசிகனாகிவிட்ட நான்காம் படிவ மாணவன் ஒருவன், 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, தன் தாத்தாவுடன் புக்கிட் ஜாலிலுக்குப் புறப்பட்டான். அன்று மலேசியப் பொது டென்னிஸ் போட்டியின் ஆண்கள் ஒற்றையர் இறுதியாட்டம். 2009 முதல் 2015 வரை ஏழு ஆண்டுகள், செப்டம்பர் இறுதி வாக்கில், உலகத் தரவரிசையில் உள்ள தொழில்முறை ஆட்டக்காரர்கள் புத்ரா உள்ளரங்கில் வந்து மோதினார்கள். முதல் ஆண்டு இரஷ்யாவின் நிக்கோலாய் டவிடெங்கோ வென்றார். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வெற்றியாளர் மாறிக்கொண்டே இருந்தார்.

நுழைவுச்சீட்டு இரண்டுதான் வாங்க முடிந்தது. அப்பாவுக்கு டென்னிஸில் நாட்டமில்லை. "தாத்தாவை அழைத்துப் போ. அவர் உன்னைவிட முன்பே டென்னிஸ் பார்த்தவர்" என்றார். பேரன் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினான்.

விடிந்தும் விடியாததுமாக அப்பா இருவரையும் தஞ்சோங் மாலிம் நிலையத்தில் இறக்கிவிட்டார். பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். கோலாலம்பூருக்குத் தெற்கே போக வேண்டியவர்கள், முதலில் வடக்கே போய் இரயில் ஏறினார்கள். ரவாங்கில் இறங்கி வேறு இரயில். பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி எல்.ஆர்.டி. இடையில், பாட்டி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் காலியாயிற்று.

வழியெல்லாம் பேரன் இரு ஆட்டக்காரர்களைப் பற்றியே பேசினான். ஒருவர் பிரான்சு நாட்டின் ஜூலியென் பெனெத்தோ, வயது 31. பல இறுதியாட்டங்களுக்குத் தகுதி பெற்றவர், ஒன்றில்கூட வென்றதில்லை. முந்தைய ஆண்டு, அதாவது 2012இல், இதே புத்ரா அரங்கில் இறுதிவரை வந்து அர்ஜெண்டினாவின் ஹுவான் மொனாக்கோவிடம் மூன்று செட்களில் தோற்றவர். மற்றவர் போர்த்துகலின் ஜுவாவ் சோசா, வயது 24, தரவரிசையில் 77ஆம் இடம். டென்னிஸ் கற்பதற்காகப் பதினைந்து வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து ஸ்பெயினின் பார்சலோனா நகருக்குச் சென்றவர். இந்தப் போட்டியின் காலிறுதியில் அவர் டேவிட் ஃபெரரை வீழ்த்தினார். ஃபெரர் அந்த ஆண்டு பிரெஞ்சுப் பொதுப்போட்டியின் இறுதிவரை சென்றவர் என்பதை நினைத்தால், அது எத்தகைய வெற்றி என்பது விளங்கும். போர்த்துகலைச் சேர்ந்த எவரும் அதுவரை இந்த நிலையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றதில்லை.

"நான் சோசா பக்கம் தாத்தா."

"பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போனாரே, அதனாலா? சரி, அப்படியென்றால் நான் பிரெஞ்சுக்காரர் பக்கம். யாராவது ஒருவர் அவர் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா?"

புக்கிட் ஜாலில் நிலையத்தில் இறங்கியதும் தாத்தா சற்று நின்றார். எதிரே பெரிய தேசிய விளையாட்டரங்கம், அதன் அருகே புத்ரா அரங்கம். 1998ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக எழுந்த வளாகம் இது. அதற்கு முன் புக்கிட் ஜாலில் ஓர் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் சீவிய தோட்டம். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது. "இங்கே எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாத்தா நடக்கத் தொடங்கினார்.

அரங்கினுள் நுழைந்தபோது ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது. பாதி இருக்கைகள் காலி. திடலில் ஒருவர் தம் பயிற்சியாளருடன் பந்தடித்துக்கொண்டிருந்தார். உயரத்திலிருந்து பார்த்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் ஒலி கேட்டது. மூடிய அரங்கில் பந்து மட்டையின் நடுவில் படும் ஒலி தனி. தொலைக்காட்சியில் அது 'டக்' என்று கேட்கும். நேரில், ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சுக்குள் ஒரு சிறு அதிர்வு. பேரன் எதிர்பார்க்காத இன்னொன்று பந்தின் உயரம். தொலைக்காட்சியின் கேமரா பெரும்பாலும் திடலின் பின்புறம் உயரத்தில் இருக்கும். அதில் பந்து வலையை உரசிக்கொண்டு நேராகச் செல்வதுபோல் தோன்றும். உண்மையில் பந்து வலைக்கு மேல் நன்றாக எழும்பி, சுழற்சியால் சட்டென்று கீழே வளைந்து, கோட்டுக்குள் விழுந்து மீண்டும் தோள் உயரத்துக்குத் துள்ளுகிறது. 24 மீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளம் கொண்ட திடலில் இதெல்லாம் ஒரு கண்சிமிட்டலில் நடந்துவிடும்.

பயிற்சி என்றதும் முழு வேகத்தில் அடித்து ஆடுவார்கள் என்று பேரன் நினைத்திருந்தான். அப்படி நடக்கவில்லை. முதலில் இருவரும் வலைக்கு அருகில் நின்று, கையை மட்டும் அசைத்து, சின்னச் சின்னதாகப் பந்தைத் தட்டினார்கள். பிறகு மெல்ல மெல்லப் பின்வாங்கிக் கடைக்கோட்டுக்குப் போனார்கள். வலப்பக்க அடி, இடப்பக்க அடி, வலையருகே தரையில் படுமுன் தடுக்கும் அடி, கடைசியில் சர்வீஸ். ஒரே இடத்தில் ஒரே பந்தை இருபது முறை. சலிப்பூட்டும் காட்சிதான். ஆயினும், தவறிய ஒரு பந்துக்காக அந்த ஆட்டக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி மறுபடி அதே அடியைக் கேட்டபோது பேரனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

தாத்தாவோ ஆட்டக்காரரைப் பார்க்கவில்லை. பந்து பொறுக்கும் பிள்ளைகள் ஓரத்தில் வரிசையாக வந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருட்டுகிறார்கள், பார்த்தாயா தம்பி? எறியவில்லை. தரையோடு உருட்டுகிறார்கள். நாங்கள் ஓடிப்போய்க் கையில்தான் கொடுப்போம்."

"நாங்கள் என்றால்?"

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. தாத்தாவின் சிறு வயதில், தோட்டத் துரைமார்கள் கூடும் கிளப்பில் ஒரு புல்தரை டென்னிஸ் திடல் இருந்தது. பள்ளி முடிந்த மாலை வேளைகளில் தோட்டத்துப் பையன்கள் சிலர் அங்கே பந்து பொறுக்கப் போவார்கள். சில காசுகள் கிடைக்கும். திடலுக்குள் ஓடலாம், பந்தைத் தொடலாம். மட்டையைத் தொடக் கூடாது.

"நீங்கள் ஒரு தடவைகூட அடித்துப் பார்த்ததில்லையா?"

"இல்லை." தாத்தா அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "ஆனால், எண்ணிக்கை எல்லாம் தெரியும். ஃபிஃப்டீன், தேர்ட்டி, ஃபோர்ட்டி, டியூஸ். காதால் கேட்டுக் கற்றது."

புள்ளிக் கணக்கை விளக்குவதற்காகப் பேரன் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தான். அதை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அரங்கம் நிறையத் தொடங்கியது. பெயர்களை அறிவித்ததும் இரு ஆட்டக்காரர்களும் உள்ளே வந்தார்கள். டென்னிஸில் ஒரு வழக்கம் உண்டு. போட்டி தொடங்குமுன் ஐந்து நிமிடம் எதிராளிகள் இருவரும் ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுக்க வேண்டும். வெல்ல வந்தவரே எதிராளிக்கு வாகாகப் பந்தைப் போட்டுக் கொடுக்கிறார். அவர் வலையருகே வந்தால் தடுக்க ஏற்றபடி தருகிறார். பின்னர் உயரத் தூக்கியும் கொடுக்கிறார். இந்த ஐந்து நிமிடப் பயிற்சிக்குக் கணக்கும் உண்டு. போட்டியில் ஒன்பது ஆட்டங்களுக்கு ஒரு முறை பந்துகளை மாற்றுவார்கள். முதல் முறை மட்டும் ஏழு ஆட்டங்களிலேயே மாற்றிவிடுவார்கள். ஏனெனில், பயிற்சியிலேயே பந்து இரண்டு ஆட்டங்களுக்குத் தேய்ந்துவிட்டதாகக் கொள்வார்கள்.

முதல் செட் பெனெத்தோவுக்கு எளிதாக அமைந்தது: 6–2. பேரன் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டான். தாத்தா எதுவும் பேசவில்லை. பேசவும் முடியாது. சர்வீஸ் போடும் நேரத்தில் அரங்கமே மூச்சடக்கி இருக்கும். எழுந்து நடப்பவர்கள்கூட ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்வரை படியில் காத்திருக்க வேண்டும். காற்பந்துத் திடலில் கத்திப் பழகியவர்களுக்கு இது பெரிய சோதனை.

இரண்டாம் செட்டில் சோசா விட்டுக்கொடுக்காமல் ஆடினார். ஆயினும், அந்த செட்டின் இறுதிக் கட்டத்தில் பெனெத்தோவுக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்படும் நிலை வந்தது. அந்தப் புள்ளியை எடுத்திருந்தால் கிண்ணம் அவருடையது. அத்தனை இறுதியாட்டங்களில் தோற்றவருக்கு, போன ஆண்டு இதே திடலில் தோற்றவருக்கு, ஒரு புள்ளி. தாத்தாவின் கை பேரனின் முழங்காலை இறுகப் பற்றியது. பேரன், தான் சோசா பக்கம் என்பதையே ஒரு கணம் மறந்துபோனான்.

அந்தப் புள்ளி சோசாவுக்குப் போயிற்று. அந்த ஆட்டமும் போயிற்று. இரண்டாம் செட் 7–5 எனச் சோசாவிடம் சென்றது. மூன்றாம் செட்டையும் அவர் 6–4 என வென்றார். போர்த்துகலுக்கு முதல் ஒற்றையர் பட்டம் கோலாலம்பூரில் கிடைத்தது. 77ஆம் இடத்தில் இருந்தவர் மறுநாள் வந்த தரவரிசையில் 51ஆம் இடத்துக்கு ஏறினார்.

பேரன் எழுந்து நின்று கைதட்டினான். தாத்தாவும் எழுந்தார். அவர் கைதட்டியது யாருக்கு என்று தெரியவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ரவாங்கில் அடுத்த இரயிலுக்குக் காத்திருக்கும்போது பேரன் கேட்டான்: "உங்களுக்கு வருத்தமா தாத்தா?"

"எனக்கென்ன வருத்தம்? அவருக்குத்தான் இருக்கும். இரவு தூங்கமாட்டார். ஒரு புள்ளி என்றால் சும்மாவா?" சிறிது நேரம் கழித்து, "நாளை காலை எழுந்ததும் மறுபடி வலைக்குப் பக்கத்தில் நின்று சின்னச் சின்னதாகத் தட்ட வேண்டுமே. அதுதான் கஷ்டம்" என்றார்.

ஜூலியென் பெனெத்தோ 2018இல் ஓய்வு பெற்றபோது, பத்து ஒற்றையர் இறுதியாட்டங்களில் ஆடியிருந்தார். பத்திலும் தோல்வி. இரட்டையர் பிரிவில் அவர் கதை வேறு. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம். 2014இல் எடுவார்ட் ரோஜர் வாஸ்லினுடன் பிரெஞ்சுப் பொதுப்போட்டிப் பட்டம். ஓய்வுக்குப் பின் பிரான்சு மகளிர் அணியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்த அணி 2019இல் ஃபெட் கிண்ணத்தை வென்றது.

2014ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் மறுபடியும் கோலாலம்பூருக்கு வந்தார். அந்த முறை பேரனும் தாத்தாவும் போகவில்லை, பேரனுக்கு எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. இறுதியாட்டத்தின் மறுநாள் அவன் செய்தியைப் படித்துக் காட்டினான். ஜப்பானின் கெய் நிஷிகோரி 7–6, 6–4 என வென்றிருந்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்குத் தகுதி பெற்ற முதல் ஆசிய ஆண் ஆட்டக்காரர் அவர். அமெரிக்கப் பொதுப்போட்டியின் அந்த இறுதியாட்டம் முடிந்து மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

"நிஷிகோரி யாரை வென்றார்?" என்று தாத்தா கேட்டார்.

"நம் பிரெஞ்சுக்காரரைத்தான் தாத்தா."

தாத்தா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "மூன்றாவது தடவையும் இறுதிக்கு வந்துவிட்டாரா?" என்றவர், "ஸ்கோரை இன்னொரு முறை வாசி, தம்பி" என்றார்.